எதிரிக்கும் ஒரு வழக்கறிஞர்

குற்ற வழக்கில் ஒருபுறம் காவல்துறை, தடய அறிவியல் ஆய்வகம், அரசு மருத்துவமனை, அரசு வழக்கறிஞர் என அனைத்தையும் கைவசம் வைத்திருக்கும் அரசு நிற்கிறது. மறுபுறம், பெரும்பாலும் கைதான நாளிலிருந்தே வெளியுலகத் தொடர்பை இழந்துவிட்ட தனியொருவர் நிற்கிறார். புகார் கொடுத்தவர் யாராயினும் வழக்கை நடத்துவது அரசு என்பதால், இந்த இரு தரப்புகளின் பலமும் எந்நாளும் சமமாக இருப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டச் சட்டம் இரண்டு ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. குற்றத்தை நியாயமான ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பையே சாரும் என்பது ஒன்று. தமிழக நீதிமன்ற ஆவணங்களில் ‘எதிரி’ என்று குறிக்கப்படும் குற்றஞ்சாட்டப்பட்டவர், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவர் மூலம் எதிர்வாதம் செய்யவும் உரிமை உடையவர் என்று அரசியலமைப்பின் 22(1)ஆம் பிரிவு உறுதியளிப்பது மற்றொன்று. முதல் ஏற்பாடு இரண்டாவதை நம்பியே நிற்கிறது. அரசுத் தரப்பின் நிரூபணத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எடுத்துக்காட்டத் தெரிந்தவர் எதிரியின் பக்கம் இல்லையென்றால், நிரூபிக்கப்படாத குற்றமும் நிரூபிக்கப்பட்டதாகவே தீர்ப்பில் ஏறிவிடும். ஆகவே இந்த உரிமையைப் பற்றிப் பேசும்போது, வழக்கறிஞர் இருந்தாரா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அவர் எப்போது வந்தார், எத்தகையவர், வழக்கைப் படிக்க அவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

கொலை செய்தவன் என்று தெரிந்தும் அவனுக்காக எப்படி வாதாடுகிறார்கள் என்பது வழக்கறிஞர்களைப் பார்த்துப் பொதுமக்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. கேள்விக்குப் பின்னால் இருக்கும் கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் கொலை செய்தவன் அவன்தான் என்பது தீர்ப்புக்கு முன்பே யாருக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு அதில் விடையில்லை. எதிரி குற்றம் செய்தவரா இல்லையா என்பது பற்றித் தம் சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும் அவருக்காக வாதாடுவது வழக்கறிஞரின் கடமை என்று இந்திய பார் கவுன்சிலின் தொழில் நடத்தை விதிகள் கூறுகின்றன. தாம் தொழில் நடத்தும் நீதிமன்றத்தில் உரிய கட்டணத்தோடு வரும் வழக்கை ஏற்க வழக்கறிஞர் கடமைப்பட்டவர் என்றும், சிறப்பான காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. பொய்ச் சாட்சியைத் தயார்செய்யவோ நீதிமன்றத்தை ஏமாற்றவோ இவ்விதிகள் எவருக்கும் அனுமதி தரவில்லை. குற்றவாளியா என்று முடிவுசெய்வது நீதிபதியின் வேலை. அந்த வேலையை வழக்கறிஞர் தம் அலுவலக அறையிலேயே முடித்துவிட்டு வக்காலத்தை மறுத்தால், சாட்சியும் குறுக்கு விசாரணையும் இல்லாமலே அங்கே ஒரு விசாரணை நடந்து முடிந்துவிடுகிறது.

தனியொருவர் மறுத்தால் இன்னொரு வழக்கறிஞரைத் தேடிப் போகலாம். சங்கமே கூடித் தீர்மானம் போட்டு மறுத்தால் எதிரி எங்கே போவார்? இக்கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் எழுந்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். கோயம்புத்தூரில் வழக்கறிஞர் ஒருவருக்கும் காவலர்களுக்கும் இடையே ஏற்பட்ட மோதலைத் தொடர்ந்து, அந்தக் காவலர்களுக்காக உறுப்பினர் எவரும் நீதிமன்றத்தில் ஆஜராகக் கூடாது என்று அங்கிருந்த வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. அந்த வழக்கில் 2010 டிசம்பர் 6 அன்று தீர்ப்பளித்த நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா ஆகியோர், இத்தகைய தீர்மானங்கள் சட்டவிரோதமானவை, வழக்கறிஞர் தொழிலின் மரபுக்கும் அறநெறிக்கும் முரணானவை, செல்லாதவை என்று அறிவித்தனர். எதிரி எவ்வளவு கொடியவராகக் கருதப்பட்டாலும் சட்டம் இதுதான் என்று அவர்கள் எழுதியதில் கவனிக்க வேண்டியது, அன்று அந்த உரிமை தேவைப்பட்டவர்கள் காவலர்கள் என்பதே. பொதுவாக எதிரிகளைக் கூண்டில் ஏற்றுபவர்கள் தாங்களே கூண்டில் ஏற நேர்ந்தபோது, மற்ற எதிரிகளுக்கு உள்ள அதே பாதுகாப்பு அவர்களுக்கும் தேவைப்பட்டது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் நாட்டின் பல ஊர்களில், மக்களைக் கொதிக்கவைக்கும் குற்றம் நடக்கும்போதெல்லாம் இதே போன்ற தீர்மானங்கள் நிறைவேற்றப்படுவது, வழக்கறிஞர்களே தம் தொழிலின் அடிப்படையை மறந்துவிடுவதைத்தான் காட்டுகிறது.

மும்பையில் 2008 நவம்பரில் நடந்த தாக்குதல் வழக்கு இந்தக் கொள்கைக்கு வந்த மிகக் கடினமான சோதனை. உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாபுக்காக ஆஜராவதில்லை என்று அங்கும் வழக்கறிஞர்கள் தீர்மானம் நிறைவேற்றினர். நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் எதிர்ப்பைச் சந்திக்க நேர்ந்தது. ஆயினும் விசாரணையிலும் மேல்முறையீட்டிலும் கசாபுக்கு வழக்கறிஞர்கள் இருந்தனர். உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன் வாதாடினார். 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதிசெய்தது. கசாபுக்கு வழக்கறிஞர் கொடுத்து என்ன பயன் என்று கேட்பவர்கள், அதே வழக்கில் சதிக்கு உதவியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இந்தியர் இருவர் போதிய சான்று இல்லை என்று விடுதலை ஆனதையும், அந்த விடுதலையை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஏற்றதையும் மறந்துவிடுகிறார்கள். எதிர்வாதமே இல்லாத விசாரணையாக இருந்திருந்தால், நாடு கொதித்துக்கொண்டிருந்த அந்நாளில் மூவரும் ஒரே கயிற்றில்தான் கட்டப்பட்டிருப்பார்கள்.

வழக்கறிஞரிடம் எதிரி சொல்வது வெளியே போகாது என்ற உறுதி இல்லாவிட்டால் மேற்சொன்ன எதுவும் பொருளற்றுப் போகும். தொழில்முறையில் கட்சிக்காரர் சொன்னதை அவருடைய சம்மதமின்றி வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த பாதுகாப்பு, இன்று பாரதிய சாட்சிய அதினியம் என்னும் புதிய சட்டத்தின் 132ஆம் பிரிவில் தொடர்கிறது. குற்றம் புரிவதற்காகவே வழக்கறிஞரைப் பயன்படுத்திக்கொள்வது போன்ற சில விதிவிலக்குகளில் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொன்ன வழக்கறிஞர்களுக்கே புலனாய்வு அமைப்புகள் அழைப்பாணை அனுப்பத் தொடங்கியபோது, அந்த விதிவிலக்குகளுக்குள் வராத வழக்கில் அவ்வாறு அழைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் வரம்பு கட்டியது.

அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தபோதே வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை எழுத்தில் இருந்தது. ஆனால் பணமில்லாதவருக்கு அந்த உரிமையின் பொருள் என்ன என்பது மூன்று பத்தாண்டுகள் கழித்தே தெளிவானது. 1951இல் தாரா சிங் வழக்கில், வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வது எதிரிக்குச் சட்டம் தரும் சலுகை, வழக்கறிஞர் வேண்டுமானால் அவரே கேட்டுக்கொள்ள வேண்டும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நீதிமன்றத்தின் கடமை அன்று என்ற நிலையையே உச்ச நீதிமன்றம் எடுத்தது. இந்த நிலையைத் தலைகீழாக மாற்றியவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். தலச்சேரியில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்ற காரணத்தால் 1948இல் ஒரு மாதம் சிறைவைக்கப்பட்டவர் அவர். சிறைக்கம்பிக்கு உள்ளிருந்து சட்டம் எப்படித் தெரியும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அன்று. 1978இல் ஹோஸ்காட் வழக்கில், சிறையிலிருப்பவர் மேல்முறையீடு செய்யத் தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும் என்றும், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வழக்கறிஞரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் அவர் எழுதினார். அதே ஆண்டு நந்தினி சத்பதி வழக்கில், தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் 20(3)ஆம் பிரிவு, நீதிமன்றக் கூண்டில் மட்டுமன்றிக் காவல் நிலைய விசாரணையிலும் பொருந்தும் என்று அவர் விளக்கினார்.

அடுத்த ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கில், செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தையும் தாண்டி பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 1980 டிசம்பரில், பாகல்பூரில் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட கொடுமை தொடர்பான காத்ரி வழக்கில், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை எதிரி முதன்முதலாகக் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தப்படும்போதே தொடங்குகிறது என்றும், அந்த உரிமை இருப்பதை எதிரிக்கு எடுத்துச்சொல்ல வேண்டியது நடுவரின் கடமை என்றும் நீதிபதி பகவதி அமர்வு கூறியது. எதிரி கேட்கவில்லை என்பதைக் காரணம் காட்டி வழக்கறிஞர் இல்லாமலே விசாரித்துத் தண்டித்தால் அந்தத் தண்டனை நிற்காது என்று 1986இல் சுக் தாஸ் வழக்கு முடித்துவைத்தது. 1951இல் கேட்டால் கிடைக்கும் சலுகையாக இருந்தது, 1986இல் கேட்காவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டிய உரிமையாகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 341ஆம் பிரிவு, முன்பு அமர்வு நீதிமன்ற விசாரணைக்கென்று கூறப்பட்டிருந்த அரசுச் செலவிலான வழக்கறிஞர் ஏற்பாட்டை, எந்த நீதிமன்ற விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் விரித்திருக்கிறது.

எதிரியின் தலையெழுத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது இறுதி வாதம் நடக்கும் நாள் அன்று, கைதான முதல் நாளே. அன்றுதான் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கப்படுகிறது. அன்றுதான் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதப்படுகிறது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்றாலும், அந்த வாக்குமூலத்தின் அடிப்படையில் கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டதாகக் காட்டினால் அந்தக் கண்டெடுப்புக்குக் காரணமான பகுதி மட்டும் சாட்சியத்தில் ஏறிவிடும். காவல் நிலைய வாக்குமூலங்கள் பலவும் ஏதேனும் ஒரு பொருளின் கண்டெடுப்பில் போய் முடிவதற்கு இந்த விதிவிலக்கே காரணம் என்பது குற்றவியல் வழக்கறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கக் கைதானவருக்கு உரிமை உண்டு என்கிறது சட்டம். ஆனால் விசாரணை நேரம் முழுவதும் அவர் உடனிருக்கலாம் என்று அது சொல்லவில்லை. கைது செய்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். காரணத்தை வாயால் சொன்னோம் என்று காவல்துறை சொல்வதும் சொல்லவில்லை என்று கைதானவர் சொல்வதும் முடிவில்லாத வாதமாக இருந்துவந்ததால், எந்தக் குற்றமாயினும் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தாகக் கொடுக்க வேண்டும், உடனே முடியாத நிலையில் நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருப்பூரிலோ ஓசூரிலோ கைதாகும் பீகார்த் தொழிலாளியிடம் தமிழில் எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது இந்தத் தீர்ப்பின்படி போதாது.

நடுவர் முன் நிறுத்தும் அந்தச் சில நிமிடங்கள் பேச்சுவழக்கில் ‘ரிமாண்ட்’ எனப்படுகின்றன. சில வேளைகளில் அது இரவில் நடுவரின் வீட்டு வாசலிலேயே நடந்துவிடுகிறது. காவலர் கொண்டுவந்த தாள்களில் கையெழுத்தானதும் எதிரி கிளைச் சிறைக்குப் போய்விடுகிறார். போலீஸார் அடித்தார்களா, வழக்கறிஞர் இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளையும் எதிரியின் முகத்தைப் பார்த்து, காவலரை எட்ட நிற்கவைத்துக் கேட்கும் நடுவரும் இருக்கிறார். அச்சடித்த வாசகத்தில் கையெழுத்து மட்டும் போடுபவரும் இருக்கிறார். கசாப் வழக்குத் தீர்ப்பு, முதன்முறை நிறுத்தப்படும்போதே வழக்கறிஞர் உரிமையை எடுத்துச்சொல்லத் தவறும் நடுவர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று கூறியது. அதே தீர்ப்பு, அந்த ஆரம்பக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாதது மட்டுமே பின்னால் நடந்த விசாரணையைச் செல்லாததாக்கிவிடாது என்றும் கூறியது. உரிமையை மீறினால் வழக்குக்குப் பெரிய சேதமில்லை என்று ஆகும்போது, அந்த உரிமையைக் காவல் நிலையங்கள் எவ்வளவு மதிக்கும் என்ற ஐயம் எழாமல் இல்லை. நல்ல வழக்கறிஞர் அன்றே வந்துவிட்டால் செய்யக்கூடியவை பல: காயங்களை நடுவர் பதிவுசெய்யுமாறு கேட்கலாம், சிறையில் அடைக்க அவசியமில்லை என்று வாதிடலாம், குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை பெறும் உரிமை பிறக்கும் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு மனுப் போடலாம். அந்த நாள் கடந்து மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். வழக்கறிஞர் இல்லாத கைதிக்கு அப்படி ஒரு நாள் வந்து போனதே தெரியாது.

விசாரணை தொடங்கியபின் எதிர்தரப்பு வழக்கறிஞரின் ஆயுதம் குறுக்கு விசாரணை, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியை அவருடைய சொற்களைக் கொண்டே சோதிப்பது. திரைப்படங்களில் காட்டுவது போல மேசையைத் தட்டிக் கத்துவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் அது தாள்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையான வேலை. இரவில் நடந்த கொலையைக் கண்ணால் கண்டதாகச் சொல்லும் சாட்சி, தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியை அடையாளம் கண்டதாக நீதிமன்றத்தில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞர் முதலில் பார்ப்பது, புலனாய்வு அதிகாரியிடம் அதே சாட்சி கொடுத்த வாக்குமூலத்தில் விளக்கைப் பற்றிய பேச்சு இருக்கிறதா என்று. இல்லையென்றால், அதைச் சாட்சியிடம் குறிப்பிட்டுக் கேட்டு, பிறகு அதே அதிகாரி கூண்டேறும்போது, விசாரித்தபோது சாட்சி இப்படிச் சொல்லவில்லை என்பதை அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். இந்த இரண்டாவது படியை மறந்துவிட்டால் முதல் படி வீணாகிவிடும். அடுத்துப் பார்க்க வேண்டியது, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் விளக்குக் கம்பம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று. பிறகு முதல் தகவல் அறிக்கையின் மேல் நடுவர் தம் கையால் எழுதிய நேரம்: இரவு பத்து மணிக்குப் பதிவானதாகச் சொல்லப்படும் அறிக்கை, நடந்துபோகும் தூரத்திலுள்ள நடுவரிடம் மறுநாள் மாலைதான் சேர்ந்தது என்றால், இடையிலிருந்த நேரத்தில் பெயர்கள் சேர்க்கப்பட்டனவா என்ற கேள்விக்கு அரசுத் தரப்பு விடை சொல்லியாக வேண்டும். இவற்றில் எதுவும் பெரிய சட்ட நுணுக்கம் அன்று; ஆனால் வழக்குக் கட்டை ஒருமுறை முழுவதும் படித்திராதவரால் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்க முடியாது.

சாட்சிகள் முடிந்தபின், தமக்கு எதிராக வந்துள்ள ஒவ்வொரு சூழ்நிலையையும் பற்றி எதிரி விளக்கம் சொல்ல வாய்ப்பளித்து நீதிபதியே கேள்வி கேட்பார். பழைய சட்டத்தின் பிரிவு எண்ணால் ‘313 விசாரணை’ என்று வழங்கிய இது, புதிய சட்டத்தில் 351ஆம் பிரிவாகியிருக்கிறது. சத்தியப் பிரமாணம் இல்லாமல், பதில் சொல்ல மறுத்தாலும் தண்டனை இல்லாமல் எதிரி நேரடியாகப் பேசக் கிடைக்கும் அரிய சந்தர்ப்பம் இது. நடைமுறையிலோ, இருபது முப்பது கேள்விகளுக்கும் ‘பொய்’, ‘தெரியாது’ என்ற பதில்களே வரிசையாகப் பதிவாகின்றன. அன்று தாம் வேறு ஊரில் இருந்ததைச் சொல்லியிருந்தால் பயன்பட்டிருக்கும் என்பது, மேல்முறையீட்டில் வேறொரு வழக்கறிஞர் கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியவருகிறது.

நேரம் கொடுக்காமல் வழக்கறிஞரை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வா வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 2013 ஜனவரி இறுதியில் அங்கே ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்குப் பின் கொல்லப்பட்டாள். ஊரே கொந்தளித்த அந்த வழக்கில் பிப்ரவரி நடுவில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. பிப்ரவரி 19 அன்று எதிரிக்கு ஏற்பாடு செய்திருந்த சட்ட உதவி வழக்கறிஞர் வராததால், அன்றே வேறொருவர் நியமிக்கப்பட்டார். அன்றே குற்றச்சாட்டும் வனையப்பட்டது. சாட்சிகள் அடுத்தடுத்த நாட்களில் விசாரிக்கப்பட்டு, மார்ச் 4 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்த வேகத்தை அந்நாளில் பலரும் நீதித்துறையின் சாதனையாகக் கருதியிருக்கக்கூடும். உயர் நீதிமன்றமும் சில மாதங்களில் தண்டனையை உறுதிசெய்தது.

வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தபோது 2019 டிசம்பர் ஆகிவிட்டது. நீதிபதி யு. யு. லலித் தலைமையிலான அமர்வு, நியமனமான நாளிலேயே குற்றச்சாட்டு வனையப்பட்ட வழக்கில் அந்த வழக்கறிஞருக்கு ஆவணங்களைப் படிக்கவோ எதிரியோடு உட்கார்ந்து பேசவோ வாய்ப்பே இருந்திருக்காது என்று சுட்டிக்காட்டி, தண்டனையை ரத்துசெய்து புது விசாரணைக்கு உத்தரவிட்டது. விரைவான விசாரணை எதிரியின் உரிமைகளுள் ஒன்றுதான், ஆனால் அந்த விரைவுக்காக நியாயமான விசாரணையைப் பலிகொடுக்க முடியாது என்பது தீர்ப்பின் அடிநாதம். ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரையே எதிரிக்காக நியமிக்க வேண்டும், தயாராவதற்குப் பொதுவாக ஏழு நாட்களாவது தர வேண்டும், எதிரியைச் சந்தித்துப் பேச அனுமதிக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு நெறிமுறை வகுத்தது. பிறகு நடந்த மறுவிசாரணையிலும் மரண தண்டனையே வந்தது. அதுவும் நிலைக்காமல் வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. இறுதியில் 2024இல் எதிரி விடுதலை செய்யப்பட்டார். இரண்டே வாரத்தில் முடிந்த விசாரணையைச் சரிசெய்யப் பதினோரு ஆண்டுகள் தேவைப்பட்டன. இந்த இழப்பு எதிரிக்கு மட்டும் நேர்ந்தது அன்று. கொலையுண்ட சிறுமியின் பெற்றோரும் அந்தப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின்னும், கொன்றது யார் என்ற விடை கிடைக்காமல்தான் நிற்கிறார்கள்.

வசதியுள்ளவருக்கு இதே சட்டம் எப்படி வேலைசெய்யும் என்பதையும் தமிழகம் கண்டிருக்கிறது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்ட வழக்கில், அன்றைய திரையுலகின் உச்சியிலிருந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவின்படி ஆயுள் தண்டனை பெற்றனர். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்றது. வழக்கு லண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போய், மேல்முறையீட்டைத் திரும்ப விசாரிக்குமாறு உத்தரவு வந்து, 1947இல் இருவரும் விடுதலையாயினர். பெயர்பெற்ற வழக்கறிஞர்கள் வாதாடியும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்தன. பாகவதரின் திரைவாழ்க்கை அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கையில் பணமும் நாடறிந்த பெயரும் இருந்தவர்களுக்கே இவ்வளவு ஆயிற்று என்றால், அதே சென்னைச் சிறையில் அன்று இருந்த பெயர் தெரியாத கைதிகளில் எத்தனை பேரால் லண்டன் வரை போயிருக்க முடியும்?

அந்தக் கைதிகளின் வாரிசுகளுக்காகத்தான் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. தாலுகா முதல் உச்ச நீதிமன்றம் வரை இதற்கான குழுக்கள் இருக்கின்றன. ஆயினும் இலவச வழக்கறிஞர் என்றாலே இளக்காரமாகப் பார்க்கும் மனப்பான்மை, வக்காலத்து கொடுத்த கட்சிக்காரர்களிடமும் சிறைவாசிகளிடமும் இன்னும் இருக்கிறது. அது முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியாது. சட்ட உதவிப் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞருக்குக் கிடைத்துவந்த சொற்பக் கட்டணம் தாமதமாக வரும். அவர் தம் சொந்த வழக்குகளுக்கு இடையே கிடைத்த நேரத்தில் இதையும் பார்ப்பார். இந்தக் குறையைப் போக்க 2022 முதல் மாவட்டங்களில் எதிரிகளுக்காக மட்டுமே முழுநேரமாகப் பணிபுரியும் சட்ட உதவி வழக்கறிஞர் அலுவலகங்கள் ஏற்படுத்தப்பட்டு வருகின்றன. இவற்றின் தலைமை வழக்கறிஞருக்குக் குற்றவியலில் பத்தாண்டு அனுபவம் தேவை. இங்கே பணிபுரிவோர் தனியே வழக்கு ஏற்கக் கூடாது. அரசு வழக்கறிஞருக்கு இணையாக எதிரிக்கும் நிலையான அலுவலகம் என்பது காலம் தாழ்ந்து வந்தாலும் சரியான திசையில் வைத்த அடி. இதன் தேவையை அறியத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கே போதும்: 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் ஏறத்தாழ 4.34 லட்சம் பேர், அதாவது நான்கில் மூவர், எந்த நீதிமன்றத்தாலும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாத விசாரணைக் கைதிகள்.

இவ்வளவு பாதுகாப்பும் எட்டாத மூலையும் ஒன்று இருக்கிறது. நடந்த குற்றத்துக்காக அன்றி, இனி நடக்கக்கூடியதைத் தடுப்பதற்காகச் செய்யப்படும் தடுப்புக் காவலுக்கு, வழக்கறிஞர் உரிமையும் 24 மணி நேர விதியும் பொருந்தாது என்று அதே 22ஆம் பிரிவே விலக்களிக்கிறது. தமிழ்நாட்டில் ‘குண்டர் சட்டம்’ என்று அறியப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டத்தின் கீழ் ஒருவரை விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை வைத்திருக்கலாம். அந்த உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் அவர் வழக்கறிஞர் மூலம் வாதிட உரிமையில்லை. குற்றப்பத்திரிகை, குறுக்கு விசாரணை, நிரூபிக்கும் பொறுப்பு எதுவும் தேவைப்படாத இந்த வழி காவல்துறைக்கு எளிதாக இருப்பதால்தான், உயர் நீதிமன்றத்தில் இந்த உத்தரவுகளை எதிர்த்து ஆட்கொணர்வு மனுக்கள் குவிகின்றன. சுதந்திர நாட்டின் அரசியலமைப்பில் இப்படி ஒரு விலக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீடிப்பதற்கு நியாயம் கற்பிப்பது கடினம்.

வாசகர்கள் அறிந்துவைத்திருக்க வேண்டியது இது: காவலில் இருக்கும் எவருக்கும், அவருடைய வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அவர்மீதுள்ள குற்றச்சாட்டு எதுவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் பெறத் தகுதி உண்டு; பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்குக் காவலில் இல்லாதபோதும் வருமான வரம்பின்றி அந்தத் தகுதி உண்டு. உறவினரோ அண்டை வீட்டாரோ கைதானதாகத் தகவல் வந்தால் காவல் நிலைய வாசலில் தரகர்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. நடுவர் முன் நிறுத்தப்படுவதற்கு முன்பே அந்த எண்ணை அழையுங்கள்.